துட்டி வீட்டு புட்டிங்

என் தங்க அப்பாவுக்கு, பாதி முத்தமும் பாதி கோபமுமா உங்க மக எழுதுதேன்.

முதல்ல ஒரு சேதி. அடுத்த மாசம் உங்க வருஷப் பூசை வருது. நினைவஞ்சலி கார்டு அடிக்கணும்னு அச்சாபீஸ் அண்ணாச்சி வந்து நிக்காரு. உங்க போட்டோவைக் கொடுத்துட்டேன், அந்த நீலச் சட்டை போட்டது. கீழ என்ன வாசகம்னு கேட்டாரு. 'ஆறாத் துயரில் வாடும் குடும்பத்தார்'னு போட்டுருவோமா, எல்லாரும் அதான் போடுதாங்கன்னாரு. வேண்டாம் அண்ணாச்சி, நானே எழுதித் தாரேன்னு சொல்லிட்டு உக்காந்தேன்.

எழுத எழுத இவ்வளவு நீளமாப் போயிட்டு. கார்டுல இடம் பத்தாது. அதனால பங்குக் கோயில்ல மாசாமாசம் போடுத இதழுக்குக் கொடுத்துட்டேன். ஊரே படிக்கட்டும். படிச்சாத்தான் சில பேருக்கு உறைக்கும்.

அந்தச் சில பேருல நீங்களும் ஒரு ஆளு. இப்பவே சொல்லிட்டேன்.

நீங்க போன மூணாம் நாளே வேம்பார் அத்தை சட்டம் போட்டுட்டா. உங்க அக்காவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? அம்மா, அதான் உங்க ரெஜினா, இனி ஒரு வருஷம் உள்ளறையிலதான் இருக்கணும். வெள்ளைச் சேலைதான் உடுத்தணும். கோயிலுக்குப் போனா கடைசி பெஞ்சு. வீட்டுக்கு யாரு வந்தாலும் முன்னால வந்து நிக்கப்படாது, சாப்பாடு உள்ள போயிரும். இது துட்டி வீடு பாரு, சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்புத வரைக்கும் எண்ணெய்ச்சட்டி ஏத்தப்படாது. பண்டிகைக்குப் பலகாரம் அடுத்தவங்கதான் கொண்டாந்து தரணும்.

துட்டி கேக்க வந்த பொம்பளைகள் எல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்க. நான் உங்க சட்டையைக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டு இருந்தேன், வாயைத் திறக்கல. அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு.

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. உள்ள போய் உக்காந்தவ உக்காந்தவதான். அடுப்படிக்குக்கூட வரல. ஏம்மான்னு கேட்டா, "கை ஓடலளா"ங்கா. ஆபீசுக்குப் போறதுக்கு முன்னால நான் சோறு பொங்கி வச்சுட்டுப் போவேன். சாயந்திரம் வந்து பாத்தா பாதி அப்படியே இருக்கும். இனிப்பே தொடல, டீக்குக்கூட சீனி வேண்டாம்னுட்டா. மாதா திருவிழா அன்னைக்கு சப்பரம் நம்ம தெரு முக்கு வரைக்கும் வந்துச்சு. வாம்மா, வாசல்ல நின்னு பாப்போம்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். ஜன்னல்ல இருந்து பாத்துக்கிடுதேன்னுட்டா.

அம்மாவை உங்களுக்குத் தெரியும்லா? மீன்காரிகிட்டப் பேச ஆரம்பிச்சா அரைமணி நேரம், மீன் செத்தது மட்டுமில்ல, நாறியே போயிரும்னு நீங்க கிண்டல் பண்ணுவீங்களே, அந்த அம்மா. அவ குரலே எனக்கு மறந்துரும் போல ஆயிட்டு. உங்களை அடக்கம் பண்ணினோம். அம்மாவை அடக்கம் பண்ணாமலே உள்ள வச்சுட்டோமோன்னு எனக்குப் பயம் வந்துட்டு அப்பா. நெஜமான பயம்.

பங்குச் சாமியாருகிட்டப் போய் நின்னேன். இப்படியெல்லாம் சபையில சட்டம் இருக்கா சாமின்னு கேட்டேன். "எந்தப் புஸ்தகத்துலயும் இல்லம்மா. ஆனாலும் பெரியவங்க மனசு நோகப்படாது பாரு"ன்னாரு. எங்க அம்மா மனசு மட்டும் நோகலாமான்னு கேட்டேன். மணி அடிக்கணும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. சாமி, இதை நீங்களும் படிப்பீங்க. படிங்க.

டிசம்பர் பிறந்துச்சு. தெருவுல ஒவ்வொரு வீட்டுலயா ஸ்டார் தொங்க ஆரம்பிச்சுது. நான் முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷமும் நம்ம வீட்டுல புட்டிங் உண்டு.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு வார்த்தை. எங்க அப்பா கப்பல்ல குசினிக்காரரு. இங்கன தூத்துக்குடித் துறைமுகத்துல ஏறினா எங்கெங்கயோ போய்ச் சமைச்சுப் போட்டுட்டு வருவாரு. கிறிஸ்துமஸுக்கு எல்லார் வீட்டுலயும் கேக் வெட்டுவாங்க, எங்க வீட்டுல கேக்கே கிடையாது. ஆளுக்கொரு புட்டிங். எவர்சில்வர் டம்ளர்ல அடியில கருப்பட்டிப் பாகு, அதுக்கு மேல அன்னாசி, பேரீச்சம்பழம், கிஸ்மிஸ், அதுக்கும் மேல ஸ்பாஞ்சு மாவு. ஓவன்ல வெந்ததும் டம்ளரைத் தட்டுல கவுத்துனா பழம் மேல வந்துரும், பாகு நாலு பக்கமும் வழிஞ்சு நிக்கும். அதுமேல சுடச்சுட கஸ்டர்டு ஊத்துவாரு.

"கேக்குன்னா வெட்டுதவன் பெரிய துண்டா எடுத்துக்கிடுவான், கடைசியில பொம்பளைகளுக்குத் தூளுதான் மிஞ்சும். நம்ம வீட்டுல ஆளுக்கொண்ணு. எல்லாரும் சமம்." வருஷா வருஷம் இதைச் சொல்லாம நீங்க முதல் டம்ளரைக் கவுத்தினதே இல்ல. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பள்ளிக்கூடத்துல போய்ப் பீத்திக்கிடுவேன், எங்க அப்பாவே எங்க அம்மாவுக்குச் சமைச்சுத் தருவாருன்னு. அன்னைக்கு ஒரு நாள் குசினி உங்க ராஜ்ஜியம். அம்மாவை உள்ளேயே விடமாட்டீங்க. மனுஷன் பொண்டாட்டிக்கு லீவு கொடுக்காருன்னு தெருவே மெச்சும்.

அத்தைக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், மறைச்சுச் செய்யக்கூடாது பாருங்க.

"ஏளா, உனக்குப் புத்தி பிசகிட்டா? துட்டி வீட்டுல எண்ணெய்ச்சட்டி ஏத்துவாளா ஒருத்தி?"

"எண்ணெய்ச்சட்டி எங்க அத்தை இருக்கு? இது ஓவன்லா. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, வெண்ணெய்தான்."

"வாய் மட்டும் உங்கப்பன் வாய். அங்கன வந்து பேசிக்கிடுதேன்."

டொக்குன்னு வச்சுட்டா. எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய வக்கீல் மாதிரி ஒரு சந்து கண்டுபிடிச்சுட்டேன்னு நினைப்பு.

டிசம்பர் நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு வந்ததும், அலமாரியில இருந்து உங்க நோட்டை எடுத்தேன். பாகு சிந்திப் பக்கமெல்லாம் ஒட்டிக்கிடந்துச்சு. உங்க கோழிக்கிறுக்கல் கையெழுத்து. முட்டையை ஓட்டோட நிறுக்கணும், அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்கு சீனி, அதே எடைக்கு மாவு. வெண்ணெயும் சீனியும் வெள்ளை வெளேர்னு ஆகுத வரைக்கும் அடிக்கணும். முட்டையை ஒவ்வொண்ணா விடணும், அவசரப்பட்டா திரிஞ்சுரும். எல்லாம் நீங்க எழுதினபடியே, ஒரு இம்மி பிசகாம.

கவுத்துனேன். அழகா வந்துட்டு அப்பா! அச்சு அசல் உங்க புட்டிங். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சேன்.

சப்புன்னு இருந்துச்சு.

எப்படிச் சொல்ல? இனிப்பு இருக்கு, வாசனை இருக்கு, ருசி இல்ல. மறுநாள் சீனியைக் கூட்டிப் பாத்தேன், திகட்டுச்சு. அடுத்த நாள் வெனிலா எசன்ஸைக் கூட்டுனேன், மருந்து வாடை வந்துட்டு. மூணு நாள், மூணு தடவை. ஆபீஸ்ல சரக்கு பில்லுல ரெண்டு தப்பு விட்டு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவருக்கென்ன தெரியும், என் தலை முழுக்க ஸ்பாஞ்சு.

நாலாவது நாள் சாயந்திரம், கவுத்துன தட்டோட நேரா உள்ளறைக்குப் போய் அம்மா காலடியில உக்காந்துட்டேன். ஊட்டணும்னு போகல. அழணும்னுதான் போனேன். அவரோட சேந்து அந்த ருசியும் போயிட்டும்மான்னு ஒரு பாட்டம் அழுது தீத்தேன்.

அம்மா தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கேட்டா, "உங்கப்பா நோட்டைப் பாத்தா செஞ்சே?"

"ஆமா. அப்படியே செஞ்சேன்."

ரெண்டு விரலால ஒரு விள்ளல் கிள்ளி வாயில வச்சா. பத்து மாசமா சீனியைத் தொடாதவ. மெல்லுதா, கண்ணை மூடி மெல்லுதா.

"உப்பு போடலியே."

"நோட்டுல உப்பே இல்லம்மா."

"எப்படி இருக்கும்? அந்த மனுஷனுக்கு உப்பு எங்க தெரியும்?"

அப்பா, இப்ப கொஞ்சம் நல்லா நிமிர்ந்து உக்காருங்க. உங்களுக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லப்போறேன்.

கப்பல்ல உங்களுக்கு டின் வெண்ணெய் வரும். அதுல உப்பு இருக்கும், அதனால நீங்க தனியா உப்பு போட்டதில்ல. நம்ம வீட்டு வெண்ணெய் பக்கத்து ஊரு புதுக்கோட்டைப் பால்காரர் வீட்டுல கடைஞ்சது, அதுல ஏது உப்பு? கப்பல் கணக்கை அப்படியே வீட்டுல போட்டீங்க. முதல் வருஷமே அம்மா வாயில வச்சதும் கண்டுபிடிச்சுட்டா. கல்யாணமாகி ஆறு மாசம். பயந்து பயந்து, ஒரு சிட்டிகை உப்பு சேத்தா எடுப்பா இருக்கும்னு சொன்னாளாம். "கேப்டனே சப்புக்கொட்டித் தின்னது. நீ எனக்குச் சொல்லித்தாரியா?"ன்னீங்களாம். அதோட குசினிக் கதவைச் சாத்துனீங்க. அடுத்த வருஷத்துல இருந்து அம்மாவுக்கு அன்னைக்கு உள்ள இடமில்ல.

நாங்க லீவுன்னு நினைச்சது இதைத்தான்.

ஆனா அம்மா யாரு! வெண்ணெயும் சீனியும் அடிச்சு வச்சுட்டு, முட்டை விடுததுக்கு முன்னால, ஒரு பீடி பிடிக்க நீங்க பின்வாசலுக்குப் போவீங்களாம். அந்த ஒரு பீடி நேரம் போதும் அவளுக்கு. முந்தானையில முடிஞ்சு வச்ச உப்பை எடுத்துப் போட்டு ஒரு கிண்டு கிண்டிட்டு வந்துருவா. நீங்க ஊர்ல இருந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸும்! நீங்க ஜம்முன்னு வந்து முட்டையை விடுவீங்க. எல்லாரும் ஆகா ஓகோம்பாங்க. நீங்க மீசையைத் தடவிக்கிடுவீங்க.

உப்பளத்து ஊர்ல பிறந்து, பஸ் ஏறுனா ரெண்டு பக்கமும் உப்பு அம்பாரம் அம்பாரமாக் குவிஞ்சு கிடக்க, உப்பு போட மறந்த மனுஷன் இந்தத் தூத்துக்குடியில நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க. முதல்ல எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சு முடிச்சதும் ஆங்காரம் வந்துட்டு. ஏம்பா, உப்புன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கா கதவைச் சாத்துவீங்க? ஆளுக்கொண்ணு, எல்லாரும் சமம்னு யாருக்குச் சொன்னீங்க?

"ஏம்மா நீ சொல்லல? இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"ன்னு அவகிட்டயும் கத்துனேன்.

"சொல்லிட்டா அவருக்கு என்ன மிச்சம்?"னா. அப்புறம் தானாவே, "எனக்கும் என்ன மிச்சம்னு நினைச்சிருக்கணும். நினைக்கல"ன்னா.

சொல்லிட்டு எந்திரிச்சா. நடந்து குசினிக்கு வந்தா. அப்படி ஒண்ணும் தடபுடலா இல்ல, தண்ணி குடிக்கப் போறவ மாதிரிதான் போனா. நான் பின்னாலயே ஓடிப் போய் மறுபடி மாவு கலக்க ஆரம்பிச்சேன். என் சட்டியை எட்டிப் பாத்து, "கரண்டியை ஏன்ளா இப்படிச் சுத்துதே? மாவு போட்டப்புறம் சுத்துனா கல்லாப் போயிரும். அடியில இருந்து அள்ளி மடி"ன்னா. பத்து மாசத்துக்கு அப்புறம் அம்மா என்னை ஏசுதா! எனக்கு அவ காலைக் கட்டிக்கிடணும் போல இருந்துச்சு.

இருபத்தி நாலாந் தேதி காலையில அத்தை வேம்பார் பஸ்ல வந்து இறங்குனா. ரெண்டு கையிலயும் தூக்குவாளி, முறுக்கும் முந்திரிக்கொத்தும். துட்டி வீட்டுக்குன்னு அவளே செஞ்சு கொண்டாந்தது. அந்த வயசுல, அந்த முட்டியை வச்சுக்கிட்டு. அவ பாசத்தை நான் குறை சொல்லல. வாசப்படியில கால் வைக்கும்போதே மூக்கை உறிஞ்சுனா. ஓவன்ல கருப்பட்டி கொதிக்குத வாசம் தெருமுக்கு வரைக்கும் போயிருந்துச்சு.

நேரா குசினிக்கு வந்தா. அங்க அம்மா டம்ளருக்கு வெண்ணெய் தடவிக்கிட்டு நிக்கா.

"ஏளா ரெஜினா! என்ன செய்யுதே?"

நான் குறுக்க பாஞ்சேன். "அத்தை, எண்ணெய்ச்சட்டி ஏத்தலியே, நீங்களே பாருங்க, ஓவன்தான..."

"ஸ்டெல்லா, சும்மா இரு." அம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. "எண்ணெய்ச்சட்டி இல்ல, வெண்ணெய்ச்சட்டி இல்லன்னு சட்டம் பேசாத. எண்ணெய் கேக்குத பலகாரமா இருந்தா எண்ணெய்ச்சட்டியும் ஏத்துவேன்." அப்புறம் அத்தையைப் பாத்து, "ஆமா மதினி. கிறிஸ்துமஸ் புட்டிங் செய்யுதேன். தெரிஞ்சேதான் செய்யுதேன்"னா.

என் வக்கீல் வேலையெல்லாம் அதோட முடிஞ்சுது. நான் ஒரு வார்த்தைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வீரம் பேசுனேன். அவ ஒளியாம நின்னா. அத்தை தூக்குவாளியைத் தரையில வச்ச சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. அன்னைக்கு முழுக்க அவ எங்க ரெண்டு பேருகிட்டயும் பேசல. ஜெபமாலையை உருட்டிக்கிட்டே இருந்தா, கொஞ்சம் சத்தமாவே.

கிறிஸ்துமஸ் மத்தியானம். அம்மாவோட தம்பி சூசை மாமாவும் மாமியும் பிரியாணியோட வந்துட்டாங்க. அக்கா வீட்டுல இந்த வருஷம் சமைக்க மாட்டாங்கன்னு அவங்களுக்கும் நினைப்பு. மேசையில தட்டு வச்சேன். அத்தை எப்பவும் போல குசினி நிலைகிட்ட பாயை விரிச்சு உக்காந்தா. அத்தை மேசையில உக்காந்து நான் பாத்ததே இல்ல. இடுப்பு வலிம்பா, தரைதான் சவுகரியம்பா. நானும் அதை நம்பிட்டேன்.

அன்னைக்குப் புதுசா வச்ச புட்டிங்கை இறக்குத நேரம்னு அம்மா ஓவன்கிட்ட நின்னா. பிரியாணியைப் போட ஆரம்பிச்சதும் அத்தை சொன்னா, "ஸ்டெல்லா, ரெஜினாவுக்கு ஒரு தட்டுல போட்டு உள்ளறையில கொண்டுபோய் வையி."

"வைக்க மாட்டேன் அத்தை."

"என்னது?"

"இனி உள்ள தட்டு போகாது. அம்மா இங்கன வந்து சாப்பிடும்."

மாமா தலையைக் குனிஞ்சு பிரியாணியையே பாத்தாரு. அதுல என்னத்தைத் தேடினாரோ. மாமி மாமா காலை மிதிச்சதை நான் பாத்தேன். அம்மா வருவாளா, இல்ல, எதுக்குளா வம்புன்னு உள்ள போயிருவாளா? போயிட்டான்னா அவ்வளவுதான். அப்புறம் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவளை வெளிய கொண்டுவர முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

அம்மா வந்தா. வெள்ளைச் சேலைதான், முந்தானையெல்லாம் மாவு. கையில தட்டம், அதுல டம்ளர் டம்ளரா புட்டிங். மேசை நடுவுல வச்சா. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

அத்தை பாயை விட்டு எந்திரிச்சா. கிழிகிழின்னு கிழிக்கப்போறான்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"நான் இருந்தேன்ளா! முப்பது வயசுல என் மாப்பிள்ளையைக் கடல் கொண்டுபோச்சு. இதே வீட்டுல, இதே அறையில ஒரு வருஷம் கிடந்தேன். எவ வந்து எந்திரின்னு சொன்னா? துட்டி எனக்குத்தான், இந்த வீட்டுக்கு இல்லன்னு அந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்கப்பன் முத முதல்ல இதைச் செஞ்சான். ஆளுக்கொண்ணு, ஆளுக்கொண்ணுன்னு கூவிக் கூவிக் கொடுத்தான். எனக்கும் ஒண்ணு வந்துச்சு. உள்ள வந்துச்சு. வாக்கா, எங்ககூட உக்காருன்னு என் தம்பி ஒரு வார்த்தை கூப்பிடல."

ஒரு வருஷமா நான் மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டு இருந்த ஆளு இவ இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது.

அம்மாதான் பேசினா. "அதைக் கொண்டுவந்து உங்க பக்கத்துல வச்சவ நான்தான் மதினி. பத்தொம்பது வயசு. வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ஓடிட்டேன். அன்னைக்கே நான் கூப்பிட்டிருக்கணும்." பக்கத்து நாற்காலியை இழுத்தா. "இப்பக் கூப்பிடுதேன். வாங்க. உக்காருங்க."

மாமி எந்திரிச்சுப் போய் அவ கையைப் பிடிச்சா. கையை உதறிட்டு அத்தை தானாவே நடந்து வந்தா. உக்காந்தா. இடுப்பு வலியைக் காணோம்.

அம்மா ஒரு டம்ளரை அவ தட்டுல கவுத்தா. நான் கஸ்டர்டு ஊத்துனேன், பாதி மேசையில ஊத்திட்டேன். அத்தை ஒரு விள்ளல் எடுத்தா. மென்னா. இன்னொண்ணு எடுத்தா.

"அன்னைக்கு உப்பே இல்ல"ன்னா. "இன்னைக்கு ஒரு கல்லு கூட."

அம்மா சிரிச்சா அப்பா. வாயைப் பொத்திக்கிட்டு இல்ல, வாயைத் திறந்து, மேசை குலுங்கச் சிரிச்சா. அத்தையும் சிரிச்சா, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. உங்களைச் சுத்தி ரெண்டு பொம்பளைகள் இத்தனை வருஷமா உங்க உப்புக் குறையைத் தெரிஞ்சு வச்சிருந்திருக்காங்க, உங்களுக்குத்தான் தெரியல. அப்பாடான்னு மூச்சு விட்ட மாமா, "அத்தான் செஞ்ச மாதிரியே இருக்குக்கா"ன்னாரு.

"அத்தான் செஞ்சதுன்னு எவன் சொன்னான்? நான் செஞ்சது. இத்தனை வருஷமும் நான் செஞ்சது"ன்னா அம்மா.

அப்பா, எனக்கு உங்களைப் பிடிக்கும். உங்க பீடி வாசம், உங்க பீத்தல், எனக்குக் காய்ச்சல் வந்தா விடிய விடிய நெத்தியைத் தொட்டுப் பாக்குத உங்க சொரசொரப்பான கை, எல்லாமே பிடிக்கும். உங்களை நினைச்சு நான் அழாத வாரமில்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். ஆளுக்கொண்ணு செய்யத் தெரிஞ்ச உங்களுக்கு, பத்தடி தூரத்துல உள்ளறையில கிடந்த சொந்த அக்காவைக் கூப்பிட ஏம்பா தெரியல? மறந்தீங்களா? ஊருக்குப் பயந்தீங்களா? பங்கு கொடுத்தாச்சு, அது போதும்னு நினைச்சுட்டீங்களா? நீங்க உயிரோட இருந்தா முகத்துக்கு நேரா கேட்டிருப்பேன். நீங்க கோபப்பட்டு எந்திரிச்சுப் போயிருப்பீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, அவ சொல்லுததும் சரிதான்னு அம்மாகிட்டச் சொல்லியிருப்பீங்க. அப்படித்தான் நான் நம்புதேன். நம்பிக்கிடுதேன்.

வருஷப் பூசை இன்னும் வரல. அம்மா ஆளை அனுப்பி மஞ்சள் கரை போட்ட சேலை எடுத்தாச்சு. கடைசி பெஞ்சு கிடையாது. முதல் பெஞ்சுல நடுவுல அம்மா, ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் நான். யாருக்காவது கண்ணு உறுத்துனா, அவங்க கண்ணை மூடி ஜெபம் பண்ணட்டும். கோயில்ல அதுக்குத்தான வாராங்க.

உங்களுக்கு ஒரு வாக்கு தாரேன் அப்பா. இந்த வீட்டுல இன்னும் துட்டி வரும், வராம இருக்குமா? நான் போவேன், அத்தை போவா, அம்மாவும் ஒரு நாள் போவா. அன்னைக்கு யாரு மிச்சம் இருந்தாலும் சரி, இந்த வீட்டுல உள்ளறைக்கு இனி ஒரு தட்டு போகாது. பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். வருத வரைக்கும் கூப்பிடுவோம்.

உங்களை எதிர்த்துப் பேசிக்கிட்டே உங்களை நேசிக்குத,
ரெஜினா மக
ஸ்டெல்லா